டெம்ப்டேஷன்ஸ்: ஆள் மாறியும் குழு நிலைத்தது எப்படி?

அமெரிக்காவின் புகழ்பெற்ற சோல் இசைப் பாடகர் குழுவைப் பற்றிய கேள்வி இது: "தி டெம்ப்டேஷன்ஸ் குழுவில் தொடக்க காலத்து ஆட்களில் ஓடிஸ் வில்லியம்ஸ் ஒருவர்தான் மிச்சம். அவரும் அந்தப் பெரிய பாட்டுகளில் முன்னணிப் பாடகர் இல்லை. பிறகு எதை வைத்து அதே குழு என்று சொல்கிறார்கள்? வெறும் பெயர் வியாபாரமா?"

பெயர் வியாபாரமும் இதில் உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் பெயர் மட்டும் கையில் இருந்தால் ஒரு குழு அறுபது ஆண்டு தாங்காது. என் கருத்தைச் சுருக்கமாகச் சொன்னால், டெம்ப்டேஷன்ஸ் எந்தக் காலத்திலும் ஒரு குரலைச் சுற்றிக் கட்டிய குழு அல்ல. ஐந்து வகைக் குரல்களுக்கான ஐந்து இடங்களை வைத்துக் கட்டிய குழு. ஆள் போனாலும் இடம் அப்படியே இருந்தது. அந்த இடத்தை விடாமல் காத்தவர், முன்னணியில் பாடாத அந்த மனிதர்தான்.

முதலில் அந்த இடங்கள் எப்படி உண்டாயின என்று பார்ப்போம். 1950களின் கடைசியில் டெட்ராய்டில் இரண்டு இளைஞர் குழுக்கள் பாடிக்கொண்டிருந்தன. ஒன்று தி பிரைம்ஸ். அலபாமா மாநிலத்து பர்மிங்ஹாமிலிருந்து வந்த எடி கென்ட்ரிக்ஸும் பால் வில்லியம்ஸும் இதில் இருந்தார்கள். (இவர்களுக்குத் தங்கை போல உருவான பெண்கள் குழு தி பிரைமெட்ஸ். அதுதான் பின்னாளில் தி சுப்ரீம்ஸ் ஆனது.) இன்னொன்று தி டிஸ்டன்ட்ஸ். டெக்சர்கானாவில் பிறந்து டெட்ராய்டில் வளர்ந்த ஓடிஸ் வில்லியம்ஸ், அடிக்குரல் பாடும் மெல்வின் ஃப்ராங்க்ளின், எல்பிரிட்ஜ் பிரையன்ட் ஆகியோர் அதில் இருந்தார்கள். இரண்டும் கலைந்து, மிஞ்சியவர்கள் ஒன்றுசேர்ந்து, 1961இல் மோடவுன் என்ற இசைத்தட்டு நிறுவனத்தில் ஒப்பந்தம் போட்டபோது டெம்ப்டேஷன்ஸ் என்ற பெயர் வந்தது. இன்றும் பலர் 'அசல் ஐவர்' என்று சொல்கிறார்களே, அந்த ஐவரில் டேவிட் ரஃபின் முதல் நாளில் இல்லை. பிரையன்ட் விலக்கப்பட்ட பிறகு, 1964 ஜனவரியில்தான் ரஃபின் உள்ளே வந்தார். ஆள் மாற்றம் இந்தக் குழுவுக்குப் பிற்காலத்தில் வந்த சோதனை அல்ல. ஒரு மாற்றத்துக்குப் பிறகுதான் அவர்களுக்குப் பெரிய வெற்றியே கிடைத்தது.

அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகள் வறண்ட காலம். பாட்டுக்கு மேல் பாட்டாக வெளியிட்டும் நாட்டின் பொதுப் பாட்டு வரிசைப் பட்டியலில் ஒன்றும் சொல்லும்படி ஏறவில்லை. மோடவுன் அலுவலகத்திலேயே 'ஹிட் இல்லாத டெம்ப்டேஷன்ஸ்' என்று கிண்டல் செய்தார்கள். 1964இல் மோடவுனின் பாடகரும் பாடலாசிரியருமான ஸ்மோக்கி ராபின்சன் தயாரித்த 'தி வே யூ டூ தி திங்ஸ் யூ டூ' 11ஆம் இடம் வரை போனது. அதில் முன்னணிக் குரல் கென்ட்ரிக்ஸ். ரஃபினின் குரலில் தூங்கிக்கொண்டிருந்த வலுவை ராபின்சன் கவனித்து, அவருக்காகவே ரொனால்ட் வைட்டுடன் சேர்ந்து எழுதியதுதான் 'மை கேர்ள்'. 1964 டிசம்பரில் வெளிவந்து, 1965 மார்ச்சில் முதலிடம் பிடித்தது.

அந்தப் பாட்டை இன்னொரு முறை, நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள். முதலில் ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸ் கிட்டார் மட்டும் ஒரே துடிப்பைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறது. அதன்மேல் ராபர்ட் வைட்டின் கிட்டார் படிப்படியாக மேலே ஏறும் ஒரு சின்ன வரிசையை வாசிக்கிறது. பிறகு ரஃபின் பாடத் தொடங்குகிறார். எல்லாரும் ரசிப்பது அவரைத்தான், நியாயமும்கூட. ஆனால் இரண்டாவது தடவை கேட்கும்போது ரஃபினை விட்டுவிட்டு மற்ற நால்வரையும் கவனியுங்கள். அவர் ஒரு வரியை முடிக்குமுன் அடியிலிருந்து அவர்கள் எழுந்து வருவதும், சரியான நேரத்தில் விலகி வழிவிடுவதும், பல்லவியில் ஒரே வார்த்தையை அடுக்கடுக்காக மேலே கொண்டுபோவதும் தெரியும். கடைசிப் பகுதியில் வயலின்களோடு சுருதி ஒரு முழு ஸ்வரம் மேலே ஏறும்போது, ரஃபினைத் தாங்கிப் பிடிப்பது அந்தப் பின்பாட்டுதான். நான் சொல்லும் 'இடம்' என்பதை இந்த ஒரு பாட்டிலேயே கேட்டுவிடலாம்.

அந்த இடங்கள் இவை: உச்சியில் ஃபால்செட்டோ, அதாவது ஆண் தன் இயல்பான சுருதிக்கும் மேலே போய் மெல்லிய குரலில் பாடுவது. அது கென்ட்ரிக்ஸின் இடம். கரகரப்பும் கெஞ்சலும் கலந்த உரத்த முன்னணிக் குரல் ரஃபினுக்கு. கனமான பாரிட்டோன், அதாவது நடுத்தர ஆண்குரல், பால் வில்லியம்ஸுக்கு. தரையைத் தொடும் பேஸ் மெல்வினுக்கு. நடுவில், காதுக்குத் தனியாகத் தெரியாமல் எல்லாவற்றையும் ஒட்டவைக்கும் குரல் ஓடிஸுக்கு. இத்துடன் மேடை அசைவுகள். தொடக்கத்தில் அவற்றை அமைத்தவர் பால் வில்லியம்ஸ். பிறகு மோடவுனில் சோலி அட்கின்ஸ் என்ற தேர்ந்த நடன ஆசிரியர் அவற்றை மெருகேற்றினார். ஒரே மாதிரி சூட், ஒரே நேரத்தில் திரும்பும் தோள். புதிதாக வருபவர் பாட்டோடு அசைவுகளையும் படித்துத் தேறிய பிறகுதான் மேடை ஏற முடியும். குழுவுக்கு ஒரு பாடத்திட்டம் போல அது அமைந்துவிட்டது.

முதல் பெரிய சோதனை 1968. ரஃபின் அப்போது புகழின் உச்சியில் இருந்தார். சுப்ரீம்ஸ் தன் முன்னணிப் பாடகியின் பெயரைச் சேர்த்து 'டயானா ராஸ் அண்ட் தி சுப்ரீம்ஸ்' என்று பெயர் மாறியதைப் பார்த்து, தன் பெயரையும் முன்னால் போட வேண்டும் என்றார். ஒத்திகைக்கு வராமலும் மேடைக்கு வராமலும் போனார். போதைப் பழக்கமும் சேர்ந்துகொண்டது. கிளீவ்லாண்டில் ஒரு கச்சேரிக்கு வராமல், பாடகர் டீன் மார்ட்டினின் மகள் வேறிடத்தில் பாடுவதைப் பார்க்கப் போய்விட்டார். மற்ற நால்வரும் கூடிப் பேசி அவரை நீக்கினார்கள். ரஃபின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. மோடவுனிடம் வரவு செலவுக் கணக்கைத் துணிந்து கேட்டவர் அவர். அந்தக் கேள்வி தவறானது என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் நால்வருக்கும் எதிரே ஒருவராக நின்றபோது அவர் தோற்றார். 'மை கேர்ள்' பாடியவரையே வெளியே அனுப்ப முடியும் என்றால், இந்தக் குழுவில் யாரும் இன்றியமையாதவர் இல்லை என்பது அன்று முடிவாகிவிட்டது.

அவருக்குப் பதிலாக வந்தவர் டென்னிஸ் எட்வர்ட்ஸ், தி கான்டூர்ஸ் குழுவில் பாடியவர். தேவாலயத்தில் பாடிப் பழகிய முரட்டுக் குரல். தொடக்க நாட்களில் ரஃபின் கூட்டத்திலிருந்து மேடைக்குத் தாவி ஏறி, எட்வர்ட்ஸ் கையிலிருந்த மைக்கைப் பறித்துத் தன் பாட்டைத் தானே பாடியதும் நடந்தது. கூட்டம் ஆரவாரித்தது. எட்வர்ட்ஸின் நிலையில் வேறொருவர் இருந்திருந்தால் அந்த வாரமே ஊருக்குத் திரும்பியிருப்பார்.

இந்த இடத்தில்தான் தயாரிப்பாளர் நார்மன் விட்ஃபீல்டின் பங்கைச் சொல்லியாக வேண்டும். குழு பிழைத்ததற்கு அவருக்குப் பாதிப் பெருமை தருவேன். 1966இலிருந்தே ராபின்சனின் இடத்துக்கு அவர் வந்திருந்தார். ஸ்லை அண்ட் தி ஃபேமிலி ஸ்டோன் குழு பாட்டுக்குள் பல குரல்களை மாற்றி மாற்றி விடுவதை அவர் கவனித்தார். பாடலாசிரியர் பாரெட் ஸ்ட்ராங்குடன் சேர்ந்து 1968இல் 'கிளவுட் நைன்' செய்தார். 'வா வா' என்று பேசுவதுபோல ஒலிக்கும் வா-வா கிட்டார், கனத்த தாளம், வறுமையைப் பேசும் வரிகள். அது மோடவுனுக்கே முதல் கிராமி விருதைக் கொண்டுவந்தது.

ஒலி புதிதாக இருந்தது எல்லாருக்கும் தெரியும். அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது, ஐவரும் முன்னணியில் பாடும்படி அவர் பாட்டை எழுதினார் என்பது. 1969இல் முதலிடம் பிடித்த 'ஐ கான்ட் கெட் நெக்ஸ்ட் டு யூ' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தின் இரைச்சலோடு தொடங்குகிறது. எட்வர்ட்ஸ் எல்லாரையும் அடக்கிவிட்டுப் பேசுகிறார். பியானோ வருகிறது. பிறகு ஒரு வரி கரகரப்பில், அடுத்தது உச்சக் குரலில், அடுத்தது அடிக்குரலில் என்று ஐவரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். இப்படி எழுதிய பாட்டில் யார் ஒருவர் விலகினாலும் பாட்டு விழாது. அந்த வகைக் குரலுக்கு இன்னொருவரைத் தேடினால் போதும். அடுத்த சில ஆண்டுகளில் அடுத்தடுத்து ஆட்கள் போனபோது குழு நின்றதற்கு இந்த எழுத்து முறைதான் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஏனென்றால் 1971 மிகக் கடுமையான ஆண்டு. 'ஜஸ்ட் மை இமாஜினேஷன்' முதலிடத்துக்கு ஏறிக்கொண்டிருந்தபோதே கென்ட்ரிக்ஸ் வெளியேறிவிட்டார். ஓடிஸோடும் மெல்வினோடும் அவருக்கு மனத்தாங்கல் இருந்தது, விட்ஃபீல்டின் புதிய பாணியும் பிடிக்கவில்லை. அந்தப் பாட்டின் நடுவில் ஒரு வரியைப் பாடும் பால் வில்லியம்ஸும் அதே ஆண்டு விலகினார். அவருக்கு சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்த நோய் இருந்தது, குடியும் சேர்ந்து உடலைக் கெடுத்திருந்தது. அதற்கு முன்பே சில காலம் அவர் மேடையில் வாயசைக்க, திரைக்குப் பின்னால் நின்று ரிச்சர்ட் ஸ்ட்ரீட் பாடிக்கொண்டிருந்தார். ஸ்ட்ரீட் ஓடிஸோடு டிஸ்டன்ட்ஸ் காலத்திலேயே பாடியவர். பால் போனதும் திரையிலிருந்து வெளியே வந்து அவர் இடத்திலேயே நின்றார். கென்ட்ரிக்ஸின் இடத்துக்கு பால்டிமோரிலிருந்து டேமன் ஹாரிஸ் வந்தார். இருபது வயதுதான், கென்ட்ரிக்ஸைக் கேட்டு வளர்ந்த பையன். 1973 ஆகஸ்டில் பால் வில்லியம்ஸ் இறந்தார். தற்கொலை என்று முடிவு செய்தார்கள். வயது 34. குழுவின் நடையையும் நளினத்தையும் உருவாக்கியவர் அவர். இந்தக் கதையில் எனக்கு ஆறாமல் இருப்பது அந்த மரணம்தான்.

இத்தனைக்கும் நடுவில், புதிய ஐவரோடு, 1972இல் வந்தது 'பாப்பா வாஸ் எ ரோலிங் ஸ்டோன்'. இதே பாட்டை அதே ஆண்டு தி அன்டிஸ்பியூட்டட் ட்ரூத் என்ற குழுவுக்கு விட்ஃபீல்ட் கொடுத்திருந்தார், பெரிதாகப் போகவில்லை. டெம்ப்டேஷன்ஸுக்கு அதைக் கிட்டத்தட்ட 12 நிமிடமாக நீட்டினார். ஆல்பத்தில் ஏறத்தாழ நான்கு நிமிடம் வரை யாரும் வாய் திறப்பதில்லை. பேஸ், ஹை-ஹாட் எனும் டிரம்ஸின் இரட்டைத் தட்டு, டிரம்பெட், வயலின்கள் மட்டும்தான். பிறகு எட்வர்ட்ஸ், ஸ்ட்ரீட், ஹாரிஸ், மெல்வின் ஆளுக்கொரு வரியாக, இறந்துபோன தகப்பனைப் பற்றித் தாயிடம் கேள்வி கேட்கும் பிள்ளைகளாகப் பாடுகிறார்கள். பாட்டு முதலிடம் பிடித்தது, மூன்று கிராமி விருதுகள் வாங்கியது. ரஃபின், கென்ட்ரிக்ஸ், பால் மூவரும் இல்லாமல்! 'அசல் ஆட்கள் போனதும் குழு முடிந்தது' என்று சொல்பவர்களுக்கு நான் எப்போதும் காட்டுவது இந்த ஒரு பாட்டைத்தான்.

பாட்டு வென்றாலும் பாடியவர்களுக்கு மகிழ்ச்சி இல்லை. குரலுக்கு இடம் குறைந்து வாத்தியத்துக்கு இடம் கூடுகிறது என்று முறையிட்டார்கள். அடுத்த ஆண்டு 'மாஸ்டர்பீஸ்' பாட்டு ஏறக்குறைய 14 நிமிடம் ஓடியது, அதில் இவர்கள் பாடுவது கொஞ்சம்தான். அந்த முறையீடு நியாயமானது. விரைவில் விட்ஃபீல்டும் அவர்களை விட்டுப் போனார்.

அதன்பிறகு கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிடலாம். 1975இல் ஹாரிஸுக்குப் பதில் க்ளென் லியோனார்ட். அடுத்து மோடவுனை விட்டு அட்லான்டிக் நிறுவனத்துக்குப் போய் இரண்டு ஆல்பம், இரண்டும் எடுபடவில்லை. அங்கே எட்வர்ட்ஸுக்குப் பதில் முன்னணிக்கு லூயிஸ் பிரைஸ். 1980இல் குழு மோடவுனுக்குத் திரும்பியது, எட்வர்ட்ஸும் குழுவுக்குத் திரும்பினார். 1982இல் ரஃபினும் கென்ட்ரிக்ஸும் வந்து ஏழு பேராக ஓர் ஆல்பமும் சுற்றுப்பயணமும். பழைய பிரச்சினைகளும் கூடவே வந்ததால் நீடிக்கவில்லை. 1983இல் ரான் டைசனும், 1984இல் ஆலி-ஆலி வுட்சனும் குழுவில் சேர்ந்தார்கள். எட்வர்ட்ஸ் மொத்தம் மூன்று தடவை உள்ளே வந்து போனார். 1991இல் ரஃபினும், 1992இல் கென்ட்ரிக்ஸும், 1995இல் மெல்வினும் இறந்துபோனார்கள். மூவருக்கும் ஐம்பதைக் கொஞ்சம் தாண்டிய வயது.

மெல்வினின் மரணம்தான் ஓடிஸைத் தனியாளாக்கியது. டிஸ்டன்ட்ஸ் காலத்திலிருந்து இருவரும் ஒருநாளும் குழுவை விட்டு நகராதவர்கள். டெம்ப்டேஷன்ஸ் என்ற பெயரின் உரிமையும் இவர்கள் இருவர் கையில் இருந்தது. இனி பெயர் விஷயம். பின்னாளில் எட்வர்ட்ஸ் தனிக் குழு வைத்து அந்தப் பெயரைப் பயன்படுத்தியபோது நீதிமன்றம் வரை போனது. கடைசியில் அவர் 'டெம்ப்டேஷன்ஸ் ரெவ்யூ, டென்னிஸ் எட்வர்ட்ஸுடன்' என்ற பெயரில் பாடினார். அத்தனை பெரிய பாட்டுகளைப் பாடிய மனிதர் அந்தப் பெயரை முழுசாகப் போட முடியாதது எனக்கு வருத்தம்தான். ஆனாலும் பெயர் யார் கையில் இருக்கிறது என்பது சாதாரண விஷயமல்ல. தி டிரிஃப்டர்ஸ் குழுவைப் பாருங்கள். அதன் பெயர் மேலாளர் ஜார்ஜ் ட்ரெட்வெல் கையில் இருந்தது, பாடகர்கள் சம்பளத்துக்குப் பாடினார்கள். 1958இல் அவர் இருந்த அத்தனை பேரையும் ஒரே அடியாக நீக்கிவிட்டு, ஃபைவ் கிரவுன்ஸ் என்ற வேறொரு குழுவைக் கூப்பிட்டு அதே பெயரைச் சூட்டினார். அந்தப் புதியவர்களில் ஒருவர் பென் இ. கிங் என்பதால் இசை நமக்கு நன்றாகவே கிடைத்தது. ஆனால் பாடகனுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. டெம்ப்டேஷன்ஸில் பெயரை வைத்திருந்தவர் தினமும் மேடையில் வியர்வை சிந்திப் பாடுகிறவர். 'பெயர் வியாபாரமா' என்ற கேள்விக்கு என் பதில் இந்த வித்தியாசத்தில் இருக்கிறது.

நேர் எதிரான உதாரணம் தி ஃபோர் டாப்ஸ். அதே டெட்ராய்ட், அதே மோடவுன். 1950களின் நடுவில் சேர்ந்த நால்வரும், 1997இல் லாரன்ஸ் பேட்டன் இறக்கும் வரை, ஆள் மாறாமல் பாடினார்கள். நாற்பது ஆண்டுக்கு மேல்! அது அரிய நட்பு, கும்பிடத் தோன்றும். ஆனால் அங்கே லீவை ஸ்டப்ஸ் என்ற ஒரு குரல்தான் எல்லாப் பெரிய பாட்டிலும் முன்னால் நின்றது. அவரால் பாட முடியாமல் போனபோது அந்த இடத்தை நிரப்புவது அவர்களுக்கு மிகவும் கடினமாக இருந்தது. நிரப்ப வந்தவர்களில் ஒருவர் தியோ பீப்பிள்ஸ், அதற்கு முன் டெம்ப்டேஷன்ஸில் பாடியவர்!

இப்போது ஓடிஸின் மேல் வரும் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். 'தானும் பாடமாட்டார், பாடுகிறவர்களையும் இருக்க விடமாட்டார்' என்று விலகியவர்கள் தரப்பில் நிறையப் பேசியிருக்கிறார்கள். நாம் இன்று அறியும் கதையில் பெரும்பகுதி அவர் எழுதிய தன்வரலாற்றிலிருந்து வந்தது. 1998இல் வந்த தொலைக்காட்சித் தொடரும், 2019இல் நியூயார்க்கின் பிராட்வே நாடக அரங்கில் ஏறிய 'எயின்ட் டூ ப்ரவுட்' இசை நாடகமும் அதை ஒட்டியவை. எனவே ஒரு தரப்பின் கதை என்பதை நினைவில் வைத்துக் கேட்க வேண்டும். ஆனால் ஒன்றை மறுக்க முடியாது. ரஃபினுக்கும் கென்ட்ரிக்ஸுக்கும் தனியாகப் பாடிப் பிழைக்கும் திறமை இருந்தது, கென்ட்ரிக்ஸ் 1973இல் தனியாகவே முதலிடமும் பிடித்தார். ஓடிஸுக்கு அந்த வழி இல்லை. குழு இருந்தால்தான் அவர் இருந்தார். ஆகவே ஒத்திகைக்கு ஆள் வந்தாரா, புதியவருக்கு அசைவு படிந்ததா, அடுத்த ஊர் எது என்று ஒவ்வொரு நாளும் பார்க்கிற பொறுப்பு அவர் தலையில் விழுந்தது, அவரும் அதை ஒருபோதும் இறக்கிவைக்கவில்லை.

'மாற்று ஆள்' என்ற சொல்லையும் கொஞ்சம் யோசித்துப் பயன்படுத்த வேண்டும். கென்ட்ரிக்ஸ் அந்த உச்சக்குரல் இடத்தில் நின்றது பத்து ஆண்டு சொச்சம். பிலடெல்பியாவிலிருந்து 1983இல் வந்த ரான் டைசன் அதே இடத்தில் நாற்பது ஆண்டைத் தாண்டிவிட்டார். டெம்ப்டேஷன்ஸை மேடையில் நேரில் கேட்ட பெரும்பாலானவர்களுக்கு அந்தக் குரல் டைசனுடையதுதான். மெல்வினின் அடிக்குரல் இடத்துக்கு வந்தவர்களில் ஜவான் ஜாக்சன் என்பவர், பிராட்வே நாடகத்தில் மெல்வினாக நடித்தவர். மெல்வின் எப்படி நின்றார், எப்படி இழுத்துப் பாடினார் என்று இரவுக்கு இரவு நடித்துப் பழகியவரை ஓடிஸ் உண்மையான குழுவுக்கே அழைத்துக்கொண்டார். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இதுவரை டெம்ப்டேஷன்ஸாக இருந்திருக்கிறார்கள். 2000இல் வந்த 'இயர்-ரெசிஸ்டிபிள்' ஆல்பம் கிராமி வாங்கியபோது, பழைய ஐவரில் ஓடிஸ் மட்டுமே இருந்தார்.

இழந்தது ஒன்றுமில்லை என்று நான் சொல்லவில்லை. ரஃபினின் குரலில் இருந்த காயம் வேறு யாருக்கும் வரவில்லை, எட்வர்ட்ஸுக்கும் வரவில்லை. பின்னாளைய கச்சேரிகளில் பழைய பாட்டுகளின் தொகுப்புதான் அதிகம், புதிய பாட்டுக்கு இடம் குறைவு. அது எனக்குக் குறையாகவே தெரிகிறது.

நீங்கள் 'மை கேர்ள்' மட்டும் கேட்டுவிட்டுத்தான் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பீர்கள் என்றால், அடுத்து 'ஐ விஷ் இட் வுட் ரெயின்' கேட்டு ரஃபினை முழுசாக அறியுங்கள். பிறகு 'ஐ கான்ட் கெட் நெக்ஸ்ட் டு யூ', அதன்பின் 'பாப்பா'வின் நீண்ட வடிவம். கடைசியாக, பலர் எட்டிப் பார்க்காத 1984க்குப் போய் 'ட்ரீட் ஹெர் லைக் எ லேடி' கேளுங்கள். ஓடிஸும் அப்போதுதான் வந்திருந்த வுட்சனும் சேர்ந்து எழுதியது, எர்த், விண்ட் அண்ட் ஃபயர் குழுவைச் சேர்ந்த இருவர் தயாரித்தது, ஆர் அண்ட் பி எனும் கறுப்பின மக்களின் இசை வகைக்கான பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. எலெக்ட்ரானிக் தாளம், எண்பதுகளின் சிந்தசைசர், முன்னால் வுட்சனின் கரகரப்பு. அதன் அடியில் மெல்வின் இருக்கிறார், மேலே டைசன் இருக்கிறார், நடுவில் ஓடிஸ்.